395 கி.மீ. பறக்க 1 மணி 20 நிமிடமா? கணக்கு எங்கே உதைக்கிறது?

ஜன்னல்சீட் · திங்கள், இரவு 9:12

வணக்கம். அடுத்த வாரம் ஒரு சின்ன விமான நிலையத்திலிருந்து இன்னொரு சின்ன விமான நிலையத்துக்குப் போகிறேன். நடுவில் எங்கும் நிற்காத விமானம். சும்மா இருக்க முடியாமல் தூரம் எவ்வளவு என்று இணையத்தில் தேடினேன். முதல் தளம் 395 என்றது. இரண்டாவது 245. மூன்றாவது 213. மூன்றுமே தசமப் புள்ளியெல்லாம் போட்டு, ரொம்பத் துல்லியமாகச் சொல்வது மாதிரிச் சொல்கின்றன.

நேரத்திலும் இதே கதைதான். ஒன்று 28 நிமிடம் என்கிறது, ஒன்று 47, இன்னொன்று 1 மணி. டிக்கெட்டில் இருப்பதோ 1 மணி 20 நிமிடம்!

சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டு ஊருக்கும் அட்சரேகையில் 2 டிகிரி, தீர்க்கரேகையில் 3 டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று வைத்துப் பிதாகரஸ் போட்டால் 401 வருகிறது. இப்போது என்னிடம் நான்கு தூரங்களும் நான்கு நேரங்களும் இருக்கின்றன. யாராவது தெளிவாக்குங்கள்.

வரைபடப்பித்தன் · திங்கள், இரவு 9:40

முதல் மூன்றும் ஒரே தூரம்தான். 395 கிலோமீட்டர், 245 மைல், 213 கடல் மைல். அலகை எங்கேயோ ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு கடல் மைல் சரியாக 1,852 மீட்டர். 213-ஐ 1.852-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

உங்கள் 401-ல் நடந்தது வேறு. அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கி.மீ.தான். தீர்க்கரேகை அப்படி இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிப் போகப் போகக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். அதனால் தீர்க்கரேகை வித்தியாசத்தை அந்த இடத்து அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஊர்கள் 12 டிகிரிப் பக்கம் என்று ஊகிக்கிறேன். கோசைன் 0.978. 3 × 111.2 × 0.978 = 326. இன்னொரு பக்கம் 222. இப்போது பிதாகரஸ் போட்டால் 395.

உங்கள் இடத்தில் 6 கி.மீ. பிழையோடு போயிற்று. இதே 2 டிகிரி, 3 டிகிரி வித்தியாசம் 50-ஆவது அட்சரேகையில் இருந்திருந்தால் உண்மைத் தூரம் 309 கி.மீ.தான். அங்கேயும் 401 என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ஜன்னல்சீட் · திங்கள், இரவு 9:52

அட, 12-தான்! கோசைன் மறந்துபோனது என் தப்பு. ஆனால் பூமி உருண்டை ஆயிற்றே, பிதாகரஸ் போதுமா? வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

வரைபடப்பித்தன் · திங்கள், இரவு 10:05

400 கி.மீ.க்கு வேண்டாம். தளங்கள் போடுவது ஹாவர்சைன் சூத்திரம். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாக வைத்துப் பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் மிகக் குட்டையான வழி, கண்டுபிடிக்கும். பூமி சரியான கோளம் இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை. அதனால் வரும் பிழை அதிகம் போனால் அரை சதவீதம், உங்கள் வழியில் 2 கி.மீ. அதுவும் வேண்டாம் என்றால் 1975-இல் வின்சென்டி கொடுத்த முறை இருக்கிறது, மில்லிமீட்டர் வரை போகலாம். ஆனால் விமானமே அந்தக் கோட்டில் பறக்கப் போவதில்லை, மில்லிமீட்டரை வைத்து என்ன செய்வது!

தட்டை வரைபடத்தில் நேர்கோடு, உருண்டையில் பெருவட்டம், இரண்டுக்கும் வித்தியாசம் என்று பெரிதாகப் பேசுவார்கள் அல்லவா? கடல் தாண்டும் பயணங்களில் உண்மை. 45-ஆவது அட்சரேகையில் கிழக்கு மேற்காக 400 கி.மீ. போனால் அந்த வித்தியாசம் 70 மீட்டர்கூட இல்லை. ரன்வேயின் நீளத்தில் ஒரு துண்டு.

குட்டிமேகம் · திங்கள், இரவு 10:31

நடுவில் ஒரு சந்தேகம். விமானம் மேலே ஏறி இறங்குகிறதே, அந்தத் தூரத்தை ஏன் யாரும் சேர்ப்பதில்லை? 7 கி.மீ. ஏற்றம், 7 கி.மீ. இறக்கம். 14 கி.மீ. கூடாதா?

வரைபடப்பித்தன் · திங்கள், இரவு 10:44

செங்குத்தாக ஏறினால் கூடும். விமானம் 80 கி.மீ. முன்னால் போய்க்கொண்டே 7 கி.மீ. ஏறுகிறது. சாய்கோட்டின் நீளம் 80.3 கி.மீ. ஆக, ஏற்றத்தால் வந்த கூடுதல் 300 மீட்டர். இறக்கத்துக்கும் அவ்வளவே. அப்புறம், உயரத்தில் பறந்தால் வட்டம் பெரிதாகும் என்பார்கள்: 10 கி.மீ. உயரத்திலேயே 400 கி.மீ.க்கு 600 மீட்டர் சொச்சம். இரண்டையும் கூட்டினாலும் ஒன்றேகால் கி.மீ. தாண்டாது. தூரத்தைப் பொறுத்தவரை ஏற்ற இறக்கம் ஒன்றுமே இல்லை. நேரத்தைப் பொறுத்தவரை அதுதான் எல்லாமே. அதை விவரம் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

பழைய_டிஸ்பேச்சர் · செவ்வாய், காலை 6:20

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். விமான வழித்திட்டமும் எரிபொருள் கணக்கும் போடும் மேசையில் பல வருடம் இருந்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், ஆற அமரப் படியுங்கள்.

முதலில் அந்த 28 நிமிடத்தைத் தூக்கிப் போடுங்கள். அது 395-ஐ ஏ320 போன்ற ஜெட்டின் வேகத்தால், அதாவது மணிக்கு 830 கி.மீ. சொச்சத்தால், வகுத்து வந்த விடை. ரன்வேயில் நிற்கும்போதே 830 வேகம் இருக்கிற விமானம் இன்னும் பிறக்கவில்லை. 47 நிமிடம் என்பது டர்போபிராப், அதாவது விசிறி வைத்த விமானத்தின், வேகத்தால் வகுத்தது. அந்த வகையான ஏடிஆர் 72 சமநிலையில் பறக்கும்போது 275 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), அதாவது மணிக்கு 510 கி.மீ. போகும். உங்கள் வழியில் அந்த ரகம்தான் ஓடும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏடிஆர் ஏறும்போது வேகமானியில் 170 நாட் பக்கம்தான் காட்டும். இறங்கும்போது ஒரு விதி உண்டு: 1,000 அடி இறங்க 3 கடல் மைல் வேண்டும். 17,000 அடியில் இருந்தால் 51 கடல் மைலுக்கு முன்பே, கிட்டத்தட்ட 94 கி.மீ. முன்பே, இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஜெட் 24,000 அடிக்குப் போயிருந்தால் 133 கி.மீ. உங்கள் 395-இல் மூன்றில் ஒரு பங்கு இறக்கத்துக்கே போயிற்று. ஏற்றத்துக்கு இன்னொரு பெரிய துண்டு. ‘முழு வேகத்தில் போகிறது’ என்று சொல்லத்தக்க பகுதி நடுவில் இருக்கிற மிச்சம்தான். போதாததற்கு 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டைத் தாண்டக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி. டர்போபிராப்புக்கு அது பெரிய கட்டுப்பாடு இல்லை. ஜெட்டுக்குத்தான் கையைக் கட்டிப் போட்ட மாதிரி.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். எங்கள் மேசையில் தோராயத்துக்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஜெட் என்றால் 30 நிமிடம், அதோடு 800 கி.மீ.க்கு ஒரு மணி. டர்போபிராப் என்றால் 25 நிமிடம், அதோடு 500 கி.மீ.க்கு ஒரு மணி. உங்கள் 395-க்குப் போட்டுப் பாருங்கள். ஜெட்டுக்கு 1 மணி (உங்கள் மூன்றாவது தளம் இதைத்தான் போட்டிருக்கிறது). டர்போபிராப்புக்கு 1 மணி 12 நிமிடம். வேகத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுதல், நேரத்தில் 12 நிமிடம்தான் லாபம். எரிபொருளோ ஜெட்டுக்கு நிறையச் செலவாகும். குட்டை வழித்தடங்களில் விசிறி வைத்த விமானம் இன்னும் ஓடுவதற்கு இதுதான் காரணம். பழைய விமானத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று பயணிகள் நினைப்பார்கள், அப்படி இல்லை.

இனி டிக்கெட்டில் இருக்கிற நேரம். அது பறக்கும் நேரமே இல்லை. சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை இங்கே எடுப்பதிலிருந்து அங்கே திரும்ப வைப்பது வரை. பிளாக் டைம் என்போம். அதில் டாக்ஸி நேரமும், அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போகும் நேரமும், சேரும். பெரிய நிலையம் என்றால் வரிசையில் நிற்பதில் நேரம் போகும். சின்ன நிலையத்தில் வரிசை இருக்காது, ஆனால் வேறு தொல்லை உண்டு. பல இடங்களில் ரன்வேக்கு இணையாக ஊர்ந்து போகத் தனிப் பாதை (டாக்ஸிவே) கிடையாது. விமானம் ரன்வேயின் மேலேயே கடைசி வரை மெதுவாக ஊர்ந்து போய், அங்கே திரும்பி நின்று, பிறகுதான் ஓட்டமெடுக்கும். எதிரே ஒன்று இறங்க வருகிறதென்றால் அது இறங்கி ஒதுங்கும் வரை இது நகர முடியாது.

இன்னொன்று, பல சின்ன நிலையங்களில் ரேடார் இல்லாமல் வேலை செய்வார்கள். விமானிகள் வானொலியில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் மனக்கணக்கிலும் காகிதத்திலும் இடைவெளி விட்டு இறக்குவார். அப்போது விமானம் பல நேரம் நேரே வந்து இறங்காது. நிலையத்தின் தலைக்கு மேலே வந்து, வெளியே போய், திரும்பி, அப்புறம்தான் இறங்கும். தொட்டுவிடும் தூரத்தில் ரன்வே தெரியும், விமானம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஜன்னலோரப் பயணிகளுக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இடத்தில்தான். விமானிக்கு அது தினப்படி வேலை.

உங்கள் விமானம் காற்றில் இருக்கப் போவது 55 முதல் 65 நிமிடம். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வந்துசேராதவன் · செவ்வாய், காலை 8:02

டிஸ்பேச்சர் ஐயா, எல்லாம் சரி. ஆனால் 65 நிமிடமும் டாக்ஸி 10 நிமிடமும் சேர்த்தால் 1:15 தானே? மிச்ச 5 நிமிடம் எதற்கு? நான் சொல்கிறேன்: தாமதமாக வந்தாலும் ‘சரியான நேரம்’ என்று பீற்றிக்கொள்ளத்தான். போன வருடம் நான் போன ஒரு விமானம் 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது, ஆனால் இறங்கியதும் ‘குறித்த நேரத்துக்கு வந்துவிட்டோம்’ என்று ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொன்னார்கள். திரும்பும்போது அதே நிறுவனம் 50 நிமிடம் தாமதித்து என் இணைப்பு விமானத்தைக் கோட்டை விட வைத்தது. பஞ்சை அடைத்த தலையணை மாதிரி நேரத்தை அடைத்து விற்கிறார்கள்.

பழைய_டிஸ்பேச்சர் · செவ்வாய், காலை 8:55

பஞ்சு அடைப்பது உண்மைதான், மறுக்க மாட்டேன். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரம். இப்படி அளக்கிற இடத்தில் அட்டவணை போடுகிறவர் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவார்.

ஆனால் அது இலவசமில்லை, தம்பி. பல நிறுவனங்களில் விமானிக்கும் பணிக்குழுவுக்கும் சம்பளம் பிளாக் டைமை ஒட்டியே. 5 நிமிடம் கூட்டினால் ஒரு நாளில் அதே விமானம் ஆறு முறை பறக்கும்போது 30 நிமிடம் போய்விடும், ஏழாவது பயணத்துக்கு இடமிருக்காது. முன்னதாகப் போய்ச் சேர்ந்தாலும் நிறுத்த இடம் காலியாக இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வழிக்கும், பருவத்துக்கும், காலைக்கும் மாலைக்கும் பழைய பதிவுகளைப் பார்த்துத்தான் எண் போடுவார்கள். ஒரே தடத்தில் போகும்போது 1:20, வரும்போது 1:15 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் இணைப்பு போனதற்கு வருந்துகிறேன். ஆனால் அந்த 50 நிமிடத்துக்குக் காரணம் அட்டவணையில் இல்லை.

வந்துசேராதவன் · செவ்வாய், காலை 9:10

காரணம் எதுவானாலும் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தது நான்தானே. சரி விடுங்கள்.

கணக்குவாத்தியார் · செவ்வாய், மாலை 5:48

காற்றை யாரும் பேசவில்லையே என்று வந்தேன். விமானம் நீந்துவது காற்றில். காற்றே நகர்ந்தால் அதுவும் சேர்ந்து நகரும். போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று, இரண்டும் சமமாகிவிடும் என்று என் மாணவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சமமாகாது.

400 கி.மீ., விமான வேகம் 500, காற்று 80 என்று வையுங்கள். போக 580 வேகத்தில் 41.4 நிமிடம். வர 420 வேகத்தில் 57.1 நிமிடம். மொத்தம் 98.5. காற்றே இல்லாவிட்டால் 96. எதிர்காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் அது தின்பது கூடுதல். காற்றை 250 ஆக்கினால் 32 + 96 = 128 நிமிடம். டர்போபிராப் பறக்கும் உயரத்தில் அப்படி அடிப்பது சாதாரணமில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். பக்கவாட்டுக் காற்றும் சும்மா விடாது: மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு பறக்க வேண்டியிருப்பதால் முன்னேறும் வேகம் கொஞ்சம் குறையும்.

உயரே ஜெட் காற்றோட்டம் இருக்கிறது, வேகமாக ஓடும் காற்று ஆறு மாதிரி. 2020 பிப்ரவரியில் ஒரு 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது அதில் ஏறித்தான். அதே நாளில் எதிர்த் திசையில் போனவர்களை நினைத்துப் பாருங்கள்.

குட்டிமேகம் · செவ்வாய், மாலை 6:15

வாத்தியாரே, ஒரு கேள்வி. கிளம்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தானே? அப்படியானால் போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் கிளம்ப வேண்டி வருமா?

பழைய_டிஸ்பேச்சர் · செவ்வாய், மாலை 6:40

வாத்தியாருக்குப் பதில் நான் சொல்கிறேன். வரும், அடிக்கடி வரும். ரன்வே எண்ணைப் பாருங்கள்: 27 என்றால் 270 டிகிரி, மேற்கு நோக்கி. 09 என்றால் அதே ரன்வேயின் மறுமுனை, கிழக்கு நோக்கி. காற்று மேற்கிலிருந்து அடித்தால் 27-இல் கிளம்ப வேண்டும். ஊர் கிழக்கே இருந்தாலும் முதலில் மேற்கே போய், ஏறி, வளைந்து வர வேண்டும். குட்டைப் பயணத்தில் அந்த ஒரு வளைவே இரண்டு மூன்று நிமிடம். தூரம் காட்டும் தளம் இதை எப்படிச் சொல்லும்? அதற்கு ரன்வேயின் நடுப்புள்ளி ஒன்றைத்தான் தெரியும். ஏட்டுச் சுரைக்காய்.

பட்டியல்பிரியன் · செவ்வாய், இரவு 11:03

குட்டைப் பயணம் என்று பேச்சு வந்ததால் ஒன்று. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் 2 நிமிடம். காற்று கைகொடுத்த ஒரு நாள் 53 நொடியில் போயிருக்கிறார்கள். 2016-இல் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபெனுக்கும் ஸ்விட்சர்லாந்தின் ஆல்டென்ரைனுக்கும் இடையே ஏரிக்கு மேலே 20 கி.மீ. சொச்சம், 8 நிமிடப் பயணம் ஒன்று தொடங்கினார்கள். நீண்ட நாள் ஓடவில்லை.

வரைபடப்பித்தன் · செவ்வாய், இரவு 11:20

ஜன்னல்சீட், ஒரு யோசனை. கைபேசியை ஏரோபிளேன் மோடில் வைத்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது சிக்னலை வாங்குகிற கருவி மட்டும்தான், எதையும் அனுப்பாது. ஜன்னலோரம் வைத்துத் தடத்தைப் பதிவு செய்யும் செயலியை ஓட விடுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். பணிக்குழு அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுங்கள். போக வர இரண்டுக்கும் பதிவு கிடைத்தால் இங்கே போடுங்கள்.

ஜன்னல்சீட் · அடுத்த வியாழன், இரவு 8:30

திரும்பி வந்துவிட்டேன். இரண்டு தடமும் கையில் இருக்கிறது!

போகும்போது: கிளம்பியது 4 நிமிடம் தாமதம். டிஸ்பேச்சர் ஐயா சொன்ன மாதிரியே ரன்வே மேலேயே ஊர்ந்து போய்த் திரும்பினார்கள், 7 நிமிடம். காற்றில் 57 நிமிடம். இறங்கி நிற்க 4 நிமிடம். ஆக 1 மணி 12 நிமிடம், அட்டவணைக்கு 8 நிமிடம் முன்னதாக. பறந்த தூரம் 438 கி.மீ., நேர்த்தூரத்தைவிட 11 சதவீதம் கூடுதல். அதிகபட்ச வேகம் 536, சராசரி 461.

கூடுதல் 43 கி.மீ. எங்கே போனது என்று வரைபடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிளம்பும்போது தப்பான திசையில் ஓடி வளைந்ததில் 11. நடுவில் சின்ன வளைவு, 5. இறங்கும்போது நிலையத்துக்கு மேலே வந்து, தாண்டிப் போய், திரும்பி வந்ததில் 27. கீழே ரன்வே தெரிந்தது, பக்கத்து இருக்கைக்காரர் ‘தாண்டிப் போகிறோமே’ என்று பதறினார். நான் மட்டும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திரும்பும்போது: தூரம் 408 மட்டுமே, நேரே வந்து இறங்கிவிட்டார்கள். ஆனால் காற்றில் 64 நிமிடம்! அதிகபட்ச வேகம் 445. கிளம்புமுன் ஊர்ந்து போக 5, இறங்கி நிற்க 6. மொத்தம் 1 மணி 15.

30 கி.மீ. அதிகம் சுற்றிய நாளில் 7 நிமிடம் குறைவு. வாத்தியாருடைய காற்று.

கணக்குவாத்தியார் · வியாழன், இரவு 9:05

536-க்கும் 445-க்கும் நடுவில் உங்கள் விமானத்தின் 510 உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். போகும்போது 26 தள்ளியது, வரும்போது 65 பிடித்து இழுத்தது. இரண்டும் வேறு வேறு நாள் என்பதால் சமமாக இல்லை. இந்த எண்களை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாமா?

ஜன்னல்சீட் · வியாழன், இரவு 9:11

தாராளமாக. கோசைன் மறந்ததை மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய_டிஸ்பேச்சர் · வெள்ளி, காலை 6:05

நடுவில் இருக்கும் அந்த 5 கி.மீ. வளைவு எந்தப் பக்கம்? கடல் பக்கமா, நிலப் பக்கமா? பறக்கத் தடையுள்ள வான்பகுதி ஏதாவது அங்கே இருக்கலாம். படத்தை ஏற்றுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.